மீண்டும் ஒலித்த இசை

திரைப்படம் பார்க்கும்போது நம் கண்கள் திரையிலேயே பதிந்திருக்கும். கதைத்தலைவன் குதிரையில் விரைவான், கப்பல்கள் மோதிக்கொள்ளும், வாள்கள் உரசும். அவ்வேளையில் பின்னணியில் ஒலிக்கும் இசையைப் பலரும் தனியாகக் கவனிப்பதில்லை. படம் முடிந்ததும் அதனை அமைத்தவரின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. ஆயினும், அந்த இசையை நீக்கிவிட்டு அதே காட்சியைப் பார்த்தால் அதன் விறுவிறுப்புப் பாதியாகக் குறைந்துவிடும்.

ஹாலிவுட் திரைப்படங்களுக்குப் பெரும் இசைக்குழுவின் முழுமையான ஒலியை வழங்கிய முன்னோடிகளுள் ஒருவர் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். சிறு வயதிலேயே இசைமேதை என்று ஐரோப்பாவால் கொண்டாடப்பட்ட அவர், வாழ்வின் இறுதியில் பலராலும் மறக்கப்பட்டார். அவர் மறைந்து 15 ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஓர் இசைத்தட்டு, அவருடைய பெயரை மீண்டும் உலகுக்கு நினைவூட்டியது.

இளம் மேதை

கோர்ன்கோல்ட் 1897ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த புருன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் இன்று பெர்னோ என்ற பெயருடன் செக் குடியரசில் அமைந்துள்ளது. அவருடைய தந்தை ஜூலியஸ் கோர்ன்கோல்ட் ஓர் இசைத் திறனாய்வாளர். இசைமேதை மோட்சார்ட்டின் மீது கொண்ட பற்றினால், அவருடைய பெயரான வொல்ஃப்காங் என்பதைத் தம் இளைய மகனுக்கும் சேர்த்துச் சூட்டினார். எரிக்குக்கு நான்கு வயதானபோது குடும்பம் வியன்னா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெரும் செல்வாக்குடைய ஒரு நாளிதழில் ஜூலியஸ் இசைத் திறனாய்வு எழுதிவந்தார். இசைக்கலைஞர்கள் பலர் அவருடைய எழுத்துக்கு அஞ்சினர்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். எரிக்கின் திறமையும் மிக இளமையிலேயே வெளிப்பட்டது. சிறு வயதிலேயே அவர் தாமாகவே இசை அமைக்கத் தொடங்கினார். அவருக்கு ஒன்பது வயதானபோது, வியன்னா அரசவை ஓப்பரா அரங்கின் இயக்குநராக இருந்த குஸ்தாவ் மாலரிடம் தந்தை அவரை அழைத்துச் சென்றார். ஓப்பரா என்பது பாடல்களாலேயே கதை சொல்லும் மேலை இசைநாடகம் ஆகும். சிறுவர் எரிக் தாம் அமைத்த இசையை வாசித்துக் காட்டக் காட்ட, மாலரின் வியப்பு பெருகியது. இவன் ஒரு மேதை என்று பாராட்டிய மாலர், எரிக்கை அலெக்சாண்டர் செம்லின்ஸ்கி என்னும் ஆசிரியரிடம் பயிலச் செய்யுமாறு அறிவுறுத்தினார்.

எரிக் தமது 11ஆம் வயதில் 'பனிமனிதன்' என்ற ஆடல் நாடகத்திற்கு இசையமைத்தார். செம்லின்ஸ்கி அதனைப் பெரும் இசைக்குழு வாசிப்பதற்கேற்ப விரித்து எழுதினார். 1910ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பின் பெயர்நாள் விழாவையொட்டி, வியன்னா அரசவை ஓப்பரா அரங்கில் அது மேடையேறியது. அப்போது எரிக்குக்கு வயது 13. நாட்டின் மிகப் பெரிய அரங்கில் ஒரு பள்ளிச் சிறுவரின் படைப்பு அரங்கேறியதைக் கண்டு நகரமே வியந்தது.

ஆனால், புகழோடு பொறாமைப் பேச்சும் வந்தது. தந்தை பெரிய திறனாய்வாளர் என்பதால்தான் மகனுக்கு இத்தனை வாய்ப்பு என்று சிலர் முணுமுணுத்தனர். இந்த இசையைத் தந்தையே எழுதியிருப்பார் என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். இத்தகைய பேச்சுகளுக்கு எரிக் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்தடுத்த படைப்புகளே அவருடைய பதிலாக அமைந்தன.

1916ஆம் ஆண்டு, அவருடைய இரண்டு சிறிய ஓப்பராக்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரே நாளில் மேடையேறின. முதலாம் உலகப் போரின்போது அவர் ஒரு படைப்பிரிவின் இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், 'இறந்த நகரம்' என்ற அவருடைய ஓப்பரா ஹாம்பர்க், கொலோன் ஆகிய இரண்டு நகரங்களிலும் ஒரே இரவில் அரங்கேறியது. இறந்துபோன மனைவியின் நினைவிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஒருவனின் கதை அது. போரில் அன்புக்குரியவர்களை இழந்திருந்த மக்களின் உள்ளத்தை அந்தக் கதை தொட்டது. மறு ஆண்டே அது நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கிலும் இடம்பெற்றது. 23 வயதிலேயே கோர்ன்கோல்ட் உலகறிந்த இசையமைப்பாளராக உயர்ந்தார். 1924ஆம் ஆண்டு லூசி என்பவரை மணந்தார். அவர்களுக்கு எர்ன்ஸ்ட், ஜார்ஜ் என்ற இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தனர்.

கடல் கடந்த அழைப்பு

புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் கோர்ன்கோல்டின் நண்பர். அவர் ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை ஹாலிவுட்டில் திரைப்படமாக எடுக்க முனைந்தார். அந்நாடகத்திற்கு மெண்டெல்சன் என்ற மேதை முன்னரே இசை எழுதியிருந்தார். அதனைத் திரைக்கு ஏற்ற வகையில் அமைத்துத் தருமாறு ரைன்ஹார்ட் கேட்டுக்கொண்டார். அவ்வழைப்பை ஏற்று, 1934ஆம் ஆண்டின் இறுதியில் கோர்ன்கோல்ட் முதன்முறையாக ஹாலிவுட்டுக்குச் சென்றார்.

பேசும் படம் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. திரையில் எங்கே இசை வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதற்கு உறுதியான வழிமுறைகள் இன்னும் உருவாகவில்லை. மாக்ஸ் ஸ்டெய்னர், ஆல்ஃபிரட் நியூமன் போன்ற இசையமைப்பாளர்கள் இத்துறைக்கு அடித்தளம் இட்டுக்கொண்டிருந்தனர். கோர்ன்கோல்டும் அவர்களோடு இணைந்தார்.

1935ஆம் ஆண்டு, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 'கேப்டன் பிளட்' என்ற கடல் சாகசப் படத்திற்கு இசையமைக்கும் பொறுப்பை அவரிடம் அளித்தது. அதற்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் மட்டுமே. இரவு பகலாக உழைத்தும் நேரம் போதவில்லை. எனவே, ஒரு சண்டைக் காட்சியில் லிஸ்ட் என்ற மேதையின் இசைப்பகுதி ஒன்றைப் பயன்படுத்தினார். படத்தின் பெரும்பகுதிக்கு அவரே இசை எழுதியிருந்தும், பிறருடைய இசை சிறிதளவு கலந்திருப்பதால், தம்மை இசையமைப்பாளர் என்று குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். படத்தின் தலைப்புப் பகுதியில் இசையை ஒழுங்குபடுத்தியவர் என்றே அவர் பெயர் இடம்பெற்றது. இந்நிகழ்வு அவருடைய நேர்மைக்குச் சான்றாகும்.

திரைப்படத்தைக் கோர்ன்கோல்ட் பாடல் இல்லாத ஓப்பராவாகவே கருதினார். இரவு நேரத்தில் படம் திரையிடும் அறைக்குச் செல்வார். அங்கே பியானோவின் முன் அமர்ந்துகொள்வார். படச்சுருள் ஓட ஓட, காட்சிக்கேற்றவாறு வாசித்துப் பார்ப்பார். காட்சிகளின் நேரத்தைக் கடிகாரத்தால் நொடி நொடியாக அளந்து எழுதுவது மற்றவர்களின் வழக்கம். கோர்ன்கோல்டோ பெரும்பாலும் தமது கண்ணையும் காதையும் நம்பியே எழுதினார். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்திற்கும் தனித்தனியான மெட்டு ஒன்றை அமைத்தார். அந்தப் பாத்திரம் மகிழும்போது அந்த மெட்டு துள்ளும். வருந்தும்போது அதே மெட்டு தளர்ந்து ஒலிக்கும். நடிகர் பேசும்போது இசை அவருடைய குரலை மறைக்காமல் தாழ்ந்து நிற்கும்.

படத்தோடு சேர்ந்து ஒலிக்கும் இசை, படம் இல்லாதபோதும் கேட்பதற்குத் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே, மேடைக்கு எழுதும் அதே அக்கறையோடு அவர் திரைக்கும் எழுதினார்.

உயிர் காத்த திரைப்படம்

அக்காலத்தில் கோர்ன்கோல்ட் ஆண்டில் சில மாதங்களை ஹாலிவுட்டிலும் எஞ்சிய மாதங்களை வியன்னாவிலும் கழித்தார். இதற்கிடையே, அண்டை நாடான ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சி வலுப்பெற்றது. யூதர்களின் இசை அங்கே தடைசெய்யப்பட்டது. ஜெர்மனியின் அரங்குகளில் கோர்ன்கோல்டின் ஓப்பராக்கள் ஒலிக்கவில்லை. எனினும், ஆஸ்திரியாவில் ஆபத்து இல்லை என்றே அவருடைய குடும்பத்தினர் எண்ணியிருந்தனர்.

1938ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தமது புதிய ஓப்பராவை வியன்னாவில் மேடையேற்றும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். அப்போது ஹாலிவுட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. 'ராபின் ஹூட்டின் சாகசங்கள்' என்ற படத்திற்கு இசையமைக்க உடனே புறப்பட்டு வருமாறு வார்னர் பிரதர்ஸ் அழைத்திருந்தது. அவர் மனைவியையும் ஒன்பது வயது மகன் ஜார்ஜையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மூத்த மகன் எர்ன்ஸ்ட் தாத்தா பாட்டியுடன் வியன்னாவிலேயே தங்கினார்.

ஹாலிவுட்டில் படத்தைப் பார்த்த கோர்ன்கோல்ட் தயங்கினார். சண்டைக் காட்சிகள் நிறைந்த அப்படம் தமக்கு ஏற்றதன்று எனக் கூறி, அந்தப் பணியை மறுத்தார். அந்த நேரத்தில்தான் ஆஸ்திரியாவிலிருந்து கவலைக்குரிய செய்திகள் வந்தன. ஆஸ்திரியத் தலைவர் ஹிட்லரைச் சந்தித்து அவருடைய நெருக்குதலுக்குப் பணிய நேர்ந்தது. நாட்டின் நிலைமை மோசமடைவதை உணர்ந்த கோர்ன்கோல்ட், தம் முடிவை மாற்றிக்கொண்டு இசையமைக்க ஒப்புக்கொண்டார். சில வாரங்களில், மார்ச் மாதம் 12ஆம் நாள், ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவினுள் நுழைந்தன.

வியன்னாவில் இருந்த பெற்றோரும் எர்ன்ஸ்டும் என்ன ஆவார்களோ என்ற அச்சம் அவரை வாட்டியது. அந்த அச்சத்தைச் சுமந்துகொண்டே அவர் ராபின் ஹூட்டின் உற்சாகமான இசையை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, மூவரும் நாட்டைவிட்டு வெளியேறி அவரிடம் வந்து சேர்ந்தனர். வியன்னாவில் இருந்த அவருடைய வீட்டை நாஜிகள் பறிமுதல் செய்தனர். அங்கிருந்த இசைக் கையெழுத்துப் பிரதிகளில் பலவற்றைச் சிலர் துணிவோடு மீட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். ராபின் ஹூட் படத்தின் அழைப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால், அவரும் ஐரோப்பாவில் சிக்கியிருக்கக்கூடும். அந்தப் படமே தம் உயிரைக் காத்தது என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ராபின் ஹூட் படத்தின் இசைக்காக அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. அதற்கு முன்பு 'ஆன்டனி அட்வர்ஸ்' என்ற படத்திற்கு அவர் அமைத்த இசையும் ஆஸ்கார் விருது பெற்றிருந்தது. ஆனால், அன்றைய விதிப்படி அவ்விருதைப் படநிறுவனத்தின் இசைத்துறைத் தலைவரே பெற்றுக்கொண்டார். இம்முறை விருது இசையமைப்பாளரின் கைக்கே வந்தது. திரையிசையும் ஒருவருடைய சொந்தப் படைப்பே என்பதை இம்மாற்றம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு உலகங்களுக்கு இடையில்

ஹிட்லர் வீழும்வரை மேடைக்கான பெரிய படைப்புகளை எழுதுவதில்லை என்று கோர்ன்கோல்ட் உறுதிபூண்டார். குடும்பத்தைக் காப்பாற்றவும், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த உறவினர்க்கும் நண்பர்க்கும் உதவவும் திரைப்பட வருமானம் பயன்பட்டது. 1940ஆம் ஆண்டு 'கடல் பருந்து' எனப் பொருள்படும் 'த சீ ஹாக்' வெளிவந்தது. 1942ஆம் ஆண்டு 'கிங்ஸ் ரோ' வெளிவந்தது. எக்காளங்கள் முழங்கத் தொடங்கும் அவற்றின் முகப்பிசை, திரையரங்கில் இருந்தவர்களை முதல் நொடியிலேயே நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பதினைந்துக்கும் மேற்பட்ட படங்களில் பணியாற்றினார்.

ஆனால், அந்த இசையை முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் இசையும் உரையாடலும் மற்ற ஒலிகளும் ஒரே ஒலித்தடத்தில் கலக்கப்பட்டுப் படச்சுருளின் ஓரத்தில் பதிக்கப்பட்டன. வாள்களின் ஓசை, அலைகளின் இரைச்சல், நடிகர்களின் பேச்சு ஆகியவற்றின் அடியில் இசை அமிழ்ந்து போனது. திரையிசையைத் தனி இசைத்தட்டாக வெளியிடும் வழக்கமும் அன்று பரவலாக இல்லை. படம் திரையரங்கைவிட்டுப் போனதும் இசையும் போய்விடும். இசைக்குழுவினர் வாசித்த தாள்கள் படநிறுவனங்களின் கிடங்குகளில் அடுக்கப்பட்டன. பிற்காலத்தில் இடமில்லை என்று அத்தகைய தாள்களைக் குப்பையில் கொட்டிய நிறுவனமும் உண்டு.

தந்தை ஜூலியஸ், மகன் தம் திறமையைத் திரைப்படத்தில் வீணாக்குவதாகக் கடைசிவரை வருந்தினார். 1945ஆம் ஆண்டு போர் முடிந்தது; அதே ஆண்டில் தந்தையும் மறைந்தார். கோர்ன்கோல்ட் திரைத்துறையிலிருந்து விலகி, மீண்டும் மேடை இசைக்குத் திரும்ப முடிவுசெய்தார்.

அவர் எழுதிய வயலின் கான்செர்ட்டோ 1947ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அரங்கேறியது. ஒரு வயலின் கலைஞர் முன்னின்று வாசிக்க, பெரும் இசைக்குழு அவருடன் இணைந்து வாசிக்கும் படைப்பே கான்செர்ட்டோ ஆகும். அன்று முன்னின்று வாசித்தவர் உலகப் புகழ்பெற்ற யாஷா ஹைஃபெட்ஸ். தம்மைச் சிறுவயதில் பாராட்டிய மாலரின் துணைவியார் ஆல்மாவுக்குக் கோர்ன்கோல்ட் அப்படைப்பைக் காணிக்கையாக்கினார். தாம் திரைப்படங்களுக்கு எழுதிய மெட்டுகள் சிலவற்றை அதில் மீண்டும் எடுத்தாண்டிருந்தார். செயின்ட் லூயிஸ் மக்கள் கைதட்டி வரவேற்றனர். ஆனால், நியூயார்க் நகரின் திறனாய்வாளர் ஒருவர் அவருடைய பெயரையே சிதைத்து ஏளனம் செய்தார். திரைப்படத்திற்கு எழுதியவருடைய இசையை மேடையில் கேட்பது தகாது என்ற எண்ணம் அன்றைய திறனாய்வாளர் பலரிடம் இருந்தது. ஒரு காலத்தில், தந்தையின் நிழலில் வளர்ந்தவர் என்று அவரைக் குறை கூறினர். இப்போது, ஹாலிவுட்டின் நிழல் படிந்தவர் என்று ஒதுக்கினர்.

அதே ஆண்டில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. உடல் தேறியபின், 1949ஆம் ஆண்டு அவர் வியன்னாவுக்குச் சென்றார். தாம் வளர்ந்த நகரம் தம்மை வரவேற்கும் என்று நம்பினார். ஆனால், பதினொரு ஆண்டுகளில் நகரமும் மாறியிருந்தது. இசை உலகமும் மாறியிருந்தது. இனிமையான மெட்டுகளைக் கொண்ட அவருடைய பாணி பழையது என்று கருதப்பட்டது. 1938ஆம் ஆண்டு மேடையேற வேண்டிய ஓப்பரா 1950ஆம் ஆண்டில்தான் வியன்னாவில் மேடையேறியது. சில காட்சிகளோடு அது நிறுத்தப்பட்டது.

பின்னர், அவர் தம் ஒரே பெரிய சிம்பொனியை எழுதி முடித்தார். 1954ஆம் ஆண்டு வியன்னா வானொலிக்காக அது முதன்முறை வாசிக்கப்பட்டது. போதிய பயிற்சி இல்லாமையால் வாசிப்பு சிறப்பாக அமையவில்லை. மனம் நொந்த கோர்ன்கோல்ட், அந்த ஒலிப்பதிவை மீண்டும் ஒலிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்தச் சிம்பொனி உரிய முறையில் ஒலிப்பதிவாகவே இல்லை.

1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் நாள், தமது 60ஆம் வயதில், கோர்ன்கோல்ட் ஹாலிவுட்டில் காலமானார். தம் இசையை உலகம் மறந்துவிட்டது என்ற எண்ணத்தோடே அவர் கண் மூடினார். வியன்னா ஓப்பரா அரங்கில் அவருக்காகக் கறுப்புக் கொடி ஏற்றப்பட்டது. அந்த மரியாதை மிகவும் தாமதமாக வந்ததாகவே அவருடைய மனைவி லூசி உணர்ந்தார்.

மகனின் முயற்சி

ராபின் ஹூட் படத்திற்காகப் பெற்றோருடன் கடல் கடந்து வந்த சிறுவர் ஜார்ஜ், வளர்ந்து இசைத்தட்டுத் தயாரிப்பாளரானார். தந்தையின் திரையிசை, பேச்சும் இரைச்சலும் இல்லாமல் ஒருமுறையேனும் முழுமையாக ஒலிக்க வேண்டும் என்பதில் அவர் ஆர்வம் கொண்டிருந்தார். அமெரிக்கரான சார்ல்ஸ் கெர்ஹார்ட் என்ற இசைக்குழு நடத்துநரும் அதே ஆர்வம் கொண்டவர். ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவுடன் இருவரும் இணைந்து பணியில் இறங்கினர்.

பணி எளிதாக இருக்கவில்லை. திரைப்பட இசை, மேடை இசையைப் போலத் தொடர்ச்சியாக எழுதப்படுவதன்று. சில பகுதிகள் அரை நிமிடமே நீளும். சில பகுதிகள் உரையாடல் தொடங்கியதும் பாதியில் நின்றுவிடும். ஆகவே, முதலில் பழைய இசைத்தாள்களைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. பிறகு, சிதறிக் கிடந்த பகுதிகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, கேட்பவர்க்குத் தடையின்றி ஒலிக்கும் வகையில் கோக்க வேண்டியிருந்தது. மூல இசையின் தன்மை மாறாமல் இதனைச் செய்வதற்குப் பொறுமையும் நுட்பமும் தேவைப்பட்டன.

ஒலிப்பதிவு இலண்டன் மாநகரின் கிங்ஸ்வே மண்டபத்தில் நடைபெற்றது. பழைய கட்டடமாக இருந்தாலும், இசை செழுமையாக ஒலிக்கும் மண்டபம் என்று அது பெயர் பெற்றிருந்தது. அதன் அடியில் சுரங்க இரயில் ஓடும் ஓசை சில வேளைகளில் பதிவில் கேட்டுவிடும். அந்த இடையூறையும் பொருட்படுத்தாமல் உலகின் சிறந்த இசைக்குழுக்கள் அதனைத் தேடி வந்தன. இலண்டனின் தேர்ந்த கலைஞர்களை ஒலிப்பதிவுக்கென்றே ஒன்றுதிரட்டிய நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, கெர்ஹார்ட் அதனை வழிநடத்தினார். ஒலிப்பதிவில் பெரும் அனுபவம் பெற்ற கென்னத் வில்கின்சன் பொறியியலாளராகப் பணியாற்றினார். ஜார்ஜ் தயாரிப்பாளராக இருந்து ஒவ்வொரு பகுதியையும் கவனித்துக் கேட்டார். சிறு வயதில் தந்தையின் பியானோவில் கேட்ட மெட்டுகள், இப்போது முழு இசைக்குழுவின் ஒலியில் அவர்முன் எழுந்தன.

1972ஆம் ஆண்டு 'த சீ ஹாக்' என்ற பெயரில் அந்த இசைத்தட்டு வெளிவந்தது. கடல் சாகசப் படத்தின் முழக்கமும் ராபின் ஹூட்டின் துள்ளலும் கிங்ஸ் ரோவின் கம்பீரமும் அதில் இடம்பெற்றிருந்தன. திரையரங்கின் ஒற்றை ஒலிபெருக்கியில் மங்கலாக ஒலித்த இசை, இப்போது ஸ்டீரியோ ஒலியில் தெளிவாக விரிந்தது. வயலின்களின் நெளிவும் எக்காளங்களின் முழக்கமும் யாழின் மென்மையும் தனித்தனியே கேட்டன. படத்தைப் பார்த்தே இராதவர்களும் அந்த இசையை விரும்பிக் கேட்டனர். படம் இல்லாதபோதும் இசை நிலைத்து நிற்க வேண்டும் என்ற கோர்ன்கோல்டின் கொள்கை மெய்யாயிற்று.

இசைத்தட்டுக்குக் கிடைத்த வரவேற்பால், அது ஒரு தொடரின் முதல் படைப்பாக அமைந்தது. கெர்ஹார்டும் ஜார்ஜும் மாக்ஸ் ஸ்டெய்னர், ஆல்ஃபிரட் நியூமன், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன், பெர்னார்ட் ஹெர்மன், மிக்லோஷ் ரோஸா, டிமிட்ரி டியோம்கின் முதலிய திரையிசை மேதைகளின் படைப்புகளையும் அடுத்தடுத்து ஒலிப்பதிவு செய்தனர். அத்தொடரில் பத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் வெளிவந்தன. தந்தைக்காகத் தொடங்கிய முயற்சி, மறக்கப்பட்ட ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அனைவருக்கும் பயன் தந்தது.

நிலைத்த புகழ்

திரையிசையைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடத் தொடங்கினர். 1972ஆம் ஆண்டிலேயே அவருடைய சிம்பொனி, ருடால்ஃப் கெம்ப்பேயின் தலைமையில் மியூனிக் நகரில் செம்மையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 1975ஆம் ஆண்டு 'இறந்த நகரம்' நியூயார்க் நகரில் மீண்டும் மேடையேறியது. அதே ஆண்டில் முழுமையாக ஒலிப்பதிவும் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் எள்ளி நகையாடப்பட்ட வயலின் கான்செர்ட்டோவை இன்று உலகின் முன்னணி வயலின் கலைஞர்கள் விரும்பி வாசிக்கின்றனர். திரைப்படத்தால் மறைக்கப்பட்டதாகக் கருதப்பட்ட மேடை இசைக்கு, அந்தத் திரையிசையே வழிகாட்டியது.

புதிய திரைப்படங்களிலும் அவருடைய தாக்கம் தெரிந்தது. 1970ஆம் ஆண்டுகளில் பல படங்கள் மின்கருவி இசையையும் மெல்லிசைப் பாடல்களையும் நாடின. அந்நிலையில், 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு ஜான் வில்லியம்ஸ் பெரும் இசைக்குழுவைக் கொண்டு இசையமைத்தார். பழைய ஹாலிவுட்டின் எக்காள முழக்கம் அதில் மீண்டும் எழுந்தது. அதன் முகப்பிசையைக் கேட்கும் இசையறிஞர் பலர், கிங்ஸ் ரோவின் முகப்பிசையை நினைவுகூர்கின்றனர். விண்வெளிக் கதையைப் பார்த்து மகிழும் இன்றைய இளையோர், தம்மை அறியாமலேயே கோர்ன்கோல்டின் மரபைக் கேட்கின்றனர் எனலாம்.

1983ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா சிம்பொனி இசைக்குழு ராபின் ஹூட் இசையை விரிவாக ஒலிப்பதிவு செய்தபோதும் ஜார்ஜே தயாரிப்பாளராக இருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார். அதற்குள் தந்தையின் பெயர் மீண்டும் நிலைபெற்றுவிட்டது. அதன்பின் பல நாட்டு இசைக்குழுக்கள் கோர்ன்கோல்டின் திரையிசையை ஒலிப்பதிவு செய்துள்ளன. அரங்கில் படத்தைத் திரையிட்டு, அதற்கேற்ப இசைக்குழு நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன.

கோர்ன்கோல்ட் தம் வாழ்நாளில் பாராட்டையும் பழிப்பையும் ஒருசேரக் கண்டவர். அரசவை அரங்கிற்கு எழுதினாலும் மூன்று வாரக் கெடுவில் திரைப்படத்திற்கு எழுதினாலும் அவர் தம் உழைப்பின் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. தாம் செய்த பணியின் மதிப்பு உணரப்பட்டதை அவர் கண்ணால் காண முடியாமற்போனது வருத்தத்திற்குரியது. ஆனால், அக்கறையோடு எழுதப்பட்டதால்தான், 30 ஆண்டுகளுக்கு மேல் கிடங்கில் கிடந்த தாள்களிலிருந்தும் அந்த இசை புத்துயிருடன் எழ முடிந்தது. எந்தப் பணியாயினும் அதனை முழு மனத்தோடு செய்தால், காலம் தாழ்ந்தேனும் அதன் பயன் வெளிப்படும் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.